பதினைந்தாவது சாவு

ஜூன் 3, செவ்வாய்

சீன் 4, 9, 12. நீலக் கட்டம் போட்ட சட்டை, எட்டு முழ வேட்டி, கண்ணாடி உண்டு, கைக்கடிகாரம் இல்லை. விபூதி மூன்று கோடு. நடுக்கோடு கொஞ்சம் அழிந்திருக்க வேண்டும், சீன் 3-இல் வியர்வையைத் துடைத்துவிட்டேன்.

இந்த நோட்டு இதற்காகத்தான் வாங்கியது. ஹீரோவுக்கும் ஹீரோயினுக்கும் கம்பெனியே துணி எடுத்துக் கொடுக்கும். பெரியப்பா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் வகையறாக்கள் சொந்தப் பெட்டியில் சொந்தச் சட்டையோடு வர வேண்டும். இன்றைக்குப் பாதி எடுத்த சீனின் மீதியைப் பத்து நாள் கழித்து எடுப்பார்கள். அன்றைக்கு என்ன சட்டை என்று மறந்துபோனால், பெரியப்பா வாசலில் ஒரு சட்டையோடு செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்துக்குள் வேறு சட்டையோடு வந்து நிற்பார். அதனால் எழுதி வைக்கிறேன். எழுத ஆரம்பித்தால் கை சட்டையோடு நிற்பதில்லை, அது வேறு விஷயம்.

முப்பத்தொரு வருஷமாக நடிக்கிறேன். திரவியம் என்று பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தால், "சார் நீங்க பேங்க்ல இருந்தீங்களா?" என்பார்கள். இந்த சீரியலில் கதிரேசன் பெரியப்பாவாக வர ஆரம்பித்த நாலு வருஷமாகத்தான் சாலிகிராமம் காய்கறிக் கடையில், "பெரியப்பா, முருங்கைக்காய் பிஞ்சா இருக்கு, எடுத்துக்குங்க" என்கிறார்கள். அதுவே பெரிய விஷயம்தான். நான் ஒன்றும் குறைபட்டுக்கொள்ளவில்லை.

மதியம் கோயம்புத்தூரிலிருந்து மகள் கோமதி பேசினாள். அவள் அம்மா சங்கரன்கோவிலில் தன் அண்ணன் வீட்டில் இருந்து தினமும் ஏழரை மணிக்கு சீரியல் பார்க்கிறாள். நேற்று நான் போட்டிருந்த காப்பிக்கொட்டைக் கலர் சட்டை எனக்கு எடுக்கவில்லையாம்.

இருப்பதைத்தானே போட முடியும் என்று சொன்னேன்.

அந்தச் சட்டையை வாட்ச்மேனிடம் கொடுத்தாயிற்று.

ஜூன் 4, புதன்

சீன் 21. அதே நீலக் கட்டம். கால் வலி.

ஜூன் 9, திங்கள்

சீன் 2, 6, 7, 15. வெள்ளை அரைக்கை, துண்டு உண்டு.

எனக்கு எதுவோ நடக்கப் போகிறது. நான்கு வருஷமாக ஒரு நாளைக்கு இரண்டு வரிக்கு மேல் பேசியதில்லை. "என்னம்மா, காப்பி கிடைக்குமா?" ஒன்று. "அவன் வரட்டும், பேசிக்கலாம்" ஒன்று. போன வாரத்திலிருந்து வரி வரியாகக் கொடுக்கிறார்கள். சீன் 6-இல் ஹீரோவின் தலையைத் தடவி, நீதான்டா இந்தக் குடும்பத்தைத் தாங்கணும் என்றேன். சீன் 7-இல் வில்லிக்கே புத்தி சொன்னேன். சீன் 15-இல் இருமினேன்.

என் சீரியல் மனைவியாக நடிக்கும் விஜயலதா அதைக் கேட்டுவிட்டு, மேக்கப் அறையில் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "சார், இருமிட்டீங்க."

"பேப்பர்ல எழுதியிருந்துது, இருமினேன்."

"அதான் சொல்றேன்."

இந்தத் தொழிலில் யாரும் சும்மா இருமுவதில்லை. ஜலதோஷம் என்று ஒரு வியாதியே சீரியலில் கிடையாது. ஒரு தடவை இருமினால் இரண்டு வாரம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினால் ஒரு வாரம். நான் இன்னும் நெஞ்சைப் பிடிக்கவில்லை.

ஜூன் 11, புதன்

பிடித்துவிட்டேன். சீன் 10. கோடு போட்ட சந்தனக் கலர் சட்டை.

மதிய இடைவேளையில் டைரக்டர் ஜெயசீலன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. சாப்பிடுகிற ஆளிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, நான் மோர் சாதத்தை முடிக்கும்வரை கிரிக்கெட் பேசினார். பிறகு சொன்னார். சேனலில் ஒரு பெரிய சாவு கேட்கிறார்களாம். ஹீரோவின் அம்மாவைக் கொல்ல முடியாது, அவருக்கு ரசிகர் மன்றம் இருக்கிறது. பெரியப்பா என்றால் ஜனங்களுக்குப் பாசம் இருக்கிறது, ஆனால் போய்விட்டால் கதை நிற்காது.

எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். முப்பத்தொரு வருஷமாக என்னுடைய இடம் அதுதான்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னைச் சாய்த்துவிட்டது. முழு எபிசோடும் எனக்கு. மூன்று பக்க வசனம், ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசிவிட்டுக் கண்ணை மூட வேண்டும்.

இதுவரை பதினான்கு தடவை செத்திருக்கிறேன். ஒரு தடவை கூட கேமரா என் பக்கம் திரும்பியதில்லை. லாரியில் அடிபட்டபோது செருப்பைக் காட்டினார்கள். குண்டு பட்டபோது நான் ஒன்பது பேரில் ஒருவன். விஷம் குடித்தபோது டம்ளர் உருண்டது, அவ்வளவுதான். என் முகத்தோடு நான் சாகப் போவது இதுதான் முதல் தடவை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

மாலை போட்டு மாட்டுவதற்கு நல்ல போட்டோ ஒன்று கொண்டுவரச் சொன்னார்.

ஜூன் 13, வெள்ளி

ஷூட்டிங் இல்லை. காஸ் சிலிண்டர் வந்தது. பின்பல்லைக் காட்டிவிட்டு வந்தேன், எடுக்க வேண்டுமாம். துணி துவைத்து மொட்டைமாடியில் போட்டால் தூறல்.

போட்டோ தேடினேன். தனியாக எடுத்தது எல்லாம் வேஷத்தில் இருக்கிறது. போலீஸ், ரெஜிஸ்ட்ரார், டாக்டர், டாக்டர், மறுபடியும் டாக்டர். திரவியமாக நல்ல வெளிச்சத்தில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். கோமதி கல்யாணத்தில் எடுத்தது. பக்கத்தில் என் மனைவி வடிவு நிற்கிறாள். என் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், முகத்தை அல்ல. மேல் பட்டனைப் போடாமல் பனியன் தெரிய நிற்கிறேன் என்று அன்றைக்கு மண்டபத்திலேயே நாலு பேர் முன்னால் சொன்னாள். சண்முகவடிவு என்று பெயர் வைத்தவர்கள் அவள் வாயைப் பற்றி எச்சரித்திருக்கலாம்.

அவள் அண்ணன் வீட்டில் இருப்பது அண்ணிக்கு முட்டி வலி என்பதால். உதவிக்கு ஆள் வேண்டும் என்று போனாள். பதினொரு வருஷம் ஆகிறது. அண்ணி போன வருஷம் திருப்பதிக்கு நடந்தே மலை ஏறினார் என்று கோமதி சொன்னாள்.

வடிவை மடித்துப் பின்னால் மறைத்துவிட்டு என் பக்கத்தை மட்டும் பிரதி எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் மடிப்பு விழும் சார் என்றார். பரவாயில்லை என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

கோமதி பேசினாள். நான் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. திங்கள்கிழமை எடுத்த இருமல் வெள்ளிக்கிழமை ஒளிபரப்பாகியிருக்கிறது. வடிவு சீரியல் பார்க்கிறவள், அவளுக்கா புரியாது.

"அம்மா ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சுப்பா."

"என்ன?"

"உங்கள வெளிநாட்டுக்கு அனுப்பிரச் சொல்லிச்சு. சிங்கப்பூரோ எங்கயோ. சாகடிக்க வேண்டாமாம்."

நான் சிரித்தேன். கோமதி சிரிக்கவில்லை. மாலை போட்ட போட்டோவை வரவேற்பறைச் சுவரில் மாட்டுவார்கள், சீரியல் ஓடுகிறவரைக்கும் தினம் அது பின்னால் தொங்கும், அதைத் தினம் ஏழரை மணிக்கு அம்மா எப்படிப் பார்ப்பாள் என்று கேட்டாள். அம்மா இன்னும் குங்குமம் வைத்துக்கொள்கிறாள் என்றாள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தாலிச் சரட்டுக்கு மஞ்சள் பூசுகிறாளாம். இதையெல்லாம் கோமதி இதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை.

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன்.

பதினொரு வருஷத்தில் வடிவு என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். சட்டை விஷயங்களைச் சேர்க்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

சீன் 1, 5. சந்தனக் கலர். இருமல் இரண்டு இடத்தில்.

ஜெயசீலனிடம் கேட்டேன். அந்த மனிதரைக் குறை சொல்லக் கூடாது, உடனே ஒத்துக்கொண்டார். "பண்ணலாம் சார். சிங்கப்பூர்ல தம்பி பையன் கூப்பிடறான்னு ஒரு டயலாக் போட்டா முடிஞ்சுது. பெட்டியத் தூக்கிட்டு வாசல்ல நிக்கிற மாதிரி ஒரு ஷாட். பெரிய சாவுக்கு நான் தாத்தா கேரக்டரை யூஸ் பண்ணிக்கிறேன்."

அப்படியென்றால் அந்த மூன்று பக்கம் தாத்தாவுக்குப் போகும். தாத்தாவாக வருகிறவர் இரண்டு வருஷத்துக்கு முன் வந்தவர்.

யோசித்து நாளைக்குள் சொல்லச் சொன்னார். கையில் அந்த மூன்று பக்கத்தைக் கொடுத்தார், படித்துப் பாருங்கள் என்று. அதைக் கொடுத்திருக்கக் கூடாது.

ஜூன் 17, செவ்வாய்

படித்தேன். காலையில் இட்லிக்கடையில், பஸ்ஸில், மேக்கப் போடும்போது. மனப்பாடமே ஆகிவிட்டது.

எங்கள் வேலையில் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பின்னால் தனசேகர் நின்று ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பான், நாங்கள் கேட்டு, கேட்டதைச் சொல்லி, முகத்தில் பாவத்தை ஏற்றுவோம். குரலைப் பிறகு டப்பிங் அறையில் சேர்ப்பார்கள். அப்படிப் பழகின மண்டைக்குள் மூன்று பக்கம் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது?

பதினோரு மணிக்கு ஜெயசீலனிடம் மாரடைப்பே இருக்கட்டும் என்றேன்.

மாலையில் கோமதியிடம் பேசினேன். "டைரக்டர் ஒத்துக்கலைம்மா. கம்பெனி முடிவு. நான் என்ன செய்ய முடியும்?"

சரிப்பா என்று வைத்துவிட்டாள்.

போனை வைத்தபிறகுதான் அந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே ஒரு தடவை பேசியிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் வடிவுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியிருந்தது. கட்டி என்றார்கள். திருநெல்வேலியில் அவள் அண்ணனுக்குத் தெரிந்த டாக்டர், அதனால் அங்கே சேர்த்தோம். புதன்கிழமை ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை காலையில் எனக்கு ஒரு பெரிய படத்திலிருந்து அழைப்பு. பெரிய ஹீரோ. நான் டாக்டர். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து, முகமூடியைக் கீழே இறக்கி, ஹீரோவின் அம்மாவிடம், "பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்ல வேண்டும். க்ளோசப் என்று சொன்னார்கள்.

வடிவுக்குப் போன் பண்ணி, கம்பெனி விடவில்லை, நான் என்ன செய்ய முடியும் என்று சொன்னேன். கையெழுத்தை அவள் அண்ணன் போட்டார். புதன்கிழமை பத்தரை மணிக்கு அவளை உள்ளே கொண்டுபோகும்போது நான் ஒரு ஸ்டுடியோவில் பச்சை அங்கியோடு பிளைவுட் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பதினேழு டேக். யாரோ ஒரு அம்மாளிடம் பதினேழு தடவை பயப்பட ஒண்ணுமில்லை என்று சொன்னேன்.

வடிவு பிறகு ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். "ஊருக்கெல்லாம் சொன்னிய. எனக்குச் சொல்ல வரல." கட்டுப் பிரித்த பிறகு அண்ணன் வீட்டுக்குப் போனாள். படம் வந்தபோது அந்த சீனில் என் முதுகுதான் இருந்தது.

கம்பெனி விடவில்லை என்று சொன்னேன் அல்லவா? நான் கம்பெனியில் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வேறு டாக்டரைப் போட்டிருப்பார்கள், அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லை. இதை அவளிடம் சொன்னதில்லை.

ஜூன் 19, வியாழன்

சீன் 8. வெள்ளை அரைக்கை. பல்வலி.

ஜூன் 21, சனி

எட்டு முழ வேட்டி, நீலக் கட்டம் சட்டை. கண்ணாடி தலையணைக்குப் பக்கத்தில். விபூதி இல்லை, பிறகு பட்டையாக உண்டு.

நடித்தேன். நன்றாக நடித்தேன். என்னைப் பற்றி நானே இப்படி எழுதுவது இந்த நோட்டில் இதுதான் முதல் தடவை.

தனசேகரிடம் வாயைத் திறக்காதே என்றேன். அவன் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். மூன்று பக்கத்தையும் ஒரே மூச்சில் பேசினேன். ஹீரோ பையன் தன் வரியை மறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மனைவியிடம் பேசும் இடத்தில், "உன்னைச் சரியாப் பார்த்துக்கலை, மனசுல வச்சுக்காதே" என்று ஒரு வரி. விஜயலதா கிளிசரின் போட்டுக்கொள்ளவில்லை. ஆனாலும் அழுதார். டைரக்டர் கட் சொன்னதும் லைட் மேன் ஒருவர் மேலே இருந்து கைதட்டினார்.

பிறகு பிணமாகப் படுக்க வேண்டிய வேலை. மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டு. விஜயலதா குங்குமத்தை அழிக்கும் காட்சிக்கு முன்னால் ஓரமாகப் போய்த் தன் சொந்தத் தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். ஊரில் அவர் கணவர் நன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அதைப் பார்த்தபோது எனக்கு சங்கரன்கோவில் ஞாபகம் வந்தது. சந்தோஷம் அத்தோடு போய்விட்டது. மறுபடியும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன் என்று பிணமாகப் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன். அதைவிட நிதானமாக யோசிக்க ஒருவனுக்கு வேறு இடம் கிடைக்காது.

கடைசியில் சிரிப்பு ஷாட். பிணமாக நடித்தவன் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போகக் கூடாது. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து, லென்ஸைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். செத்தது பொய், இருப்பது நிஜம் என்று கேமராவுக்குச் சொல்லிவிடுகிற மாதிரி. எந்தப் படத்திலும் அதைச் சேர்க்க மாட்டார்கள், ஆனால் எடுக்காமல் விடவும் மாட்டார்கள். பதினான்கு தடவையும் பல்லைக் காட்டிவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஜெயசீலன் கேமராவுக்குப் பக்கத்தில் குனிந்து, "சார், யாராவது வேண்டியவங்களை நினைச்சுக்குங்க, ஒரு செகண்ட் போதும்" என்றார்.

நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. கொஞ்சம் பேசவும் செய்தேன் போலிருக்கிறது. குரல்தான் பதிவாகாதே.

பூசணிக்காய் உடைத்தார்கள். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

டப்பிங். மூன்று பக்கத்தையும் இருட்டறையில் நின்று மறுபடி பேசினேன். திரையில் என் முகம் பெரிதாக இருந்தது. பல்லை எடுத்தாயிற்று, வலது பக்கம் வீக்கம். நல்லவேளை, செத்த பிறகு.

கோமதி போன் எடுக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஏழரை மணிக்கு கீழ்வீட்டுக்காரர்களும் எதிர்வீட்டுக்காரர்களும் என் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். நானே கூப்பிட்டேன். சுண்டல் செய்திருந்தேன்.

எதிர்வீட்டு அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தார். நான் சுவரோரம் நின்று திரையைப் பார்க்காமல் இவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷத்துக்கு இது போதும் என்று நினைத்தேன்.

கடைசி ஷாட்டில் பிணத்தின் முகம், பெரிதாக. சோக இசை. அதன் மேல் 'தொடரும்' என்று எழுத்து வர வேண்டும்.

வரவில்லை. ஒரு வினாடி போனது. பிணம் கண்ணைத் திறந்தது. உதட்டை அசைத்து என்னவோ சொன்னது. பிறகு மூக்கில் பஞ்சோடு, நெற்றியில் காசோடு, வாய் நிறையச் சிரித்தது. அந்தச் சிரிப்பின் மேல் படம் நின்று 'தொடரும்' என்று எழுத்து வந்தது.

கீழ்வீட்டுக்காரர் முதலில் இருமி மறைக்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் சுண்டலைப் பரிமாறினேன்.

ஜூன் 27, வெள்ளி

நேற்று எடிட்டருக்கு இரண்டு எபிசோடு கொடுக்க வேண்டியிருந்ததாம். ஒளிபரப்புக்கு அரைமணி நேரம் இருக்கும்போது அவசரமாக அனுப்பியிருக்கிறார். கேமராவை நிறுத்தாமல் ஒரே டேக்காக எடுத்ததால் சிரிப்பு ஷாட்டும் பிண ஷாட்டின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்ட மறந்துவிட்டார். ஜெயசீலன் காலையில் போனில் நூறு தடவை மன்னிப்புக் கேட்டார். சேனலில் அவரைப் பிடித்து உலுக்குகிறார்கள் போலிருக்கிறது. விடுங்கள் என்றேன். கோபப்படுவதற்குக்கூடத் தெம்பில்லை.

காய்கறிக் கடையில் என் சிரிப்பை போனில் காட்டினார்கள். அதற்கு யாரோ குத்துப்பாட்டு சேர்த்திருக்கிறார்கள். மாத்திரைக் கடையில் காட்டினார்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்துவிட்டார்களாம். அந்த மூன்று பக்கத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் நன்றாக நடித்தது யாருக்கும் நினைவில்லை. இனி என் பெயரைச் சொல்ல வேண்டாம், சிரித்த பிணம் என்றால் போதும். சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், மதியம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மூன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. தெரியாத எண். பேட்டி கேட்கிறவர்களாக இருக்கும் என்று எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

"நான்தான்."

பதினொரு வருஷம் கழித்தும் அந்தக் குரலுக்குப் பெயர் சொல்லத் தேவையிருக்கவில்லை. நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

நேற்று பாதியில் எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டாளாம். எல்லாம் முடிந்திருக்கும் என்று திரும்பி உள்ளே வந்தபோது நான் கண்ணைத் திறந்துகொண்டிருந்தேனாம். அண்ணி கத்தினாராம். இதைச் சொல்லும்போது வடிவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"வாய் அசைஞ்சிச்சு. என்னமோ சொன்னிய. சத்தம் வரல. என்ன சொன்னிய?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முப்பத்தொரு வருஷ அனுபவம் இருக்கிறது.

"வடிவு, பயப்பட ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள். அவள் வைத்துவிடுவாள் என்று பயந்து நானே பேசினேன். அன்றைக்குக் கம்பெனி விடவில்லை என்று சொன்னது பொய், நான் கேட்கவே இல்லை என்றேன். இந்தத் தடவையும் அப்படித்தான், டைரக்டர் சிங்கப்பூருக்கு அனுப்பச் சம்மதித்தார், நான்தான் செத்தேன் என்றேன்.

"தெரியும்."

"எது தெரியும்?"

"ரெண்டும்."

பிறகு இருவருமே சும்மா இருந்தோம். போனில் அப்படிச் சும்மா இருந்து எவ்வளவு நாளாயிற்று. கடைசியில் அவள்தான் பேசினாள்.

"இன்னைக்கி எபிசோடு விளம்பரத்துல போட்டோவக் காட்டுறான். என்னைய மடிச்சிட்டிய. என் கை தெரியிது, ஒங்க தோள்ல. அதுக்கும் சேத்து மாலை போட்டு வச்சிருக்கான் படுபாவி."

நான் அதைக் கவனிக்கவே இல்லை. போட்டோவை மாற்றச் சொல்கிறேன் என்றேன். மாற்ற வேண்டாம், கழற்றச் சொல்லுங்கள் என்றாள். கேட்பதாகச் சொன்னேன். உடனே, இல்லை, நிஜமாகவே கேட்பேன் என்றேன்.

"கேளுங்க. பெறவு, அந்தச் சட்டை. மேல் பட்டன் போடல. பொணமாப் படுக்கையிலயுமா பனியனக் காட்டணும்?"

வைத்துவிட்டாள். வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் உடனே ஜெயசீலனுக்குப் போன் போட்டேன். போட்டோவைக் கழற்ற வேண்டும் என்றேன். ஏன் சார் என்றார். என் மனைவிக்குப் பிடிக்கவில்லை என்றேன். பதினைந்து நொடிகூட யோசிக்காமல் சரி என்றார். கேட்பது இவ்வளவுதான் வேலை என்று அறுபத்து மூன்று வயதில் தெரிகிறது.

ஜூன் 28, சனி

எழும்பூரிலிருந்து இன்று இரவு ரயில். நாளைக் காலையில் சங்கரன்கோவில்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. எட்டு முழ வேட்டி. கண்ணாடி உண்டு, கைக்கடிகாரம் உண்டு. விபூதி ஒரு கோடு போதும். வலது கன்னத்தில் வீக்கம் இன்னும் இருக்கிறது, மறைக்க வேண்டாம்.

மேல் பட்டன் போட வேண்டும்.